வலி காவாத உடலைக் காத்தல்

உடலில் உண்டாகும் வலியைப் பகையெனக் கருதுவதே உலக வழக்கு. வலி தீர மருந்துண்கின்றோம்; வலியின்றி வாழ அருளுமாறு இறைவனை வேண்டுகின்றோம். ஆயின் வலி என்பதையே அறியாத உடல் என்ன பாடுபடும் என்பதைக் கண்டோர் அதனைப் பகையென்று கூறத் துணியார். முள்ளந்தண்டு ஊறுபட்டு இடுப்பின்கீழ் உணர்விழந்தோர், பாரிசவாதத்தால் ஒருபுறம் முடங்கியோர், தொழுநோயால் கைகால்களில் உணர்விழந்தோர் என்னும் மூவகையினரையும் காலமெல்லாம் வருத்துவது பெரும்பாலும் முதலில் வந்த நோயன்று. அதன்பின் தோன்றி ஆறாது நிற்கும் புண்ணேயாகும். அப்புண் ஏன் தோன்றுகின்றது, ஏன் ஆற மறுக்கின்றது, அதனை வீட்டிலிருந்தே தடுப்பது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

விழா மலரில் இத்தகைய பொருள் எதற்கு எனச் சிலர் வினவுதல் கூடும். எமது வாவிக்கரையின் இருமருங்கும், எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், வீட்டின் உள்ளறையில் ஆண்டுக்கணக்காகப் படுத்திருப்போர் உளர். தென்னையிலிருந்து விழுந்தோர், வீதி விபத்தில் அகப்பட்டோர், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் எறிகணைச் சிதறலுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் இலக்கானோர், முதுமையில் பாரிசவாதம் கண்டோர் எனப் பலதிறத்தார் அவர்கள். அவருட் சிலர் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பாடங் கேட்டோராகவும் இருத்தல் கூடும். அவரை நினையாது நாம் கொண்டாடும் விழா நிறைவுடையதாகாது.

மாந்தீவு உணர்த்தும் பாடம்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியினுள்ளே மாந்தீவு என்னும் சிறு தீவு உளது. இலங்கையில் தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் 1901ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில், 1708ஆம் ஆண்டில், கொழும்புக்கு அணித்தான ஹெந்தளையில் எழுந்த பழைய தொழுநோய் வைத்தியசாலைக்குத் துணையாக, 1920களின் தொடக்கத்தில் மாந்தீவிலும் ஒரு வைத்தியசாலை அமைந்தது. நோய் கண்டோர் மனைமக்களைப் பிரிந்து, ஓடமேறி, நீர் சூழ்ந்த அத்தீவிற் குடியேற்றப்பட்டனர். கரையிலிருந்து நோக்கினால் கண்ணுக்குத் தெரியுந் தூரமே. ஆயின் அக்காலத்தில் அது மீளாத் தூரமாயிற்று.

விரல்கள் குறைந்தும் உள்ளங்கால்களிற் குழிப்புண் கண்டும் வருந்திய அந்நோயாளரைப் பார்த்த மக்கள், நோயே தசையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கின்றது என நம்பினர். பொதுமக்கள் மட்டுமன்றி வைத்தியருட் பலரும் நெடுங்காலம் அங்ஙனமே கருதினர். நோர்வே நாட்டு ஹன்சன் 1873ஆம் ஆண்டில் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரும், கிருமி என்ன செய்கின்றது, விரல் ஏன் குறைகின்றது என்னும் இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு தெளிவாகாமலே இருந்தது.

அதனைத் தெளிவாக்கிய பணி தமிழ்நாட்டிலே, வேலூரில், நிகழ்ந்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்ற 1946ஆம் ஆண்டில் வந்த அறுவை வைத்தியர் போல் பிராண்ட் என்பவர், தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் நுணுகி ஆராய்ந்தார். கிருமி நரம்புகளைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டதும் உணர்வு மறைகின்றது. உணர்வு மறைந்த கை, சூடேறிய பாத்திரத்தைப் பற்றினும் சுடுவதறியாது. உணர்வற்ற கால், செருப்பினுள் நுழைந்த ஆணியின் மேலேயே நாள் முழுதும் நடக்கும். இங்ஙனம் நாள்தோறும் நேரும் காயங்களே விரல்களைக் குறைத்தன என்பது அவர் கண்ட உண்மை. இரவிலே காரணந் தெரியாது விரல்களிற் புண் தோன்றுவதை ஆராய்ந்தபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்தமை தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பிய நோயாளர்க்கு மருந்துடன் பூனையும் வழங்கினர் என்பர். நகைப்புக்குரியது போலத் தோன்றும் அச்செயலினுள் ஆழ்ந்த கருத்தொன்றுளது. வலி என்னும் காவலன் நீங்கிய வீட்டுக்கு வேறொரு காவல் வேண்டும் என்பதே அக்கருத்து.

தொழுநோயைத் தீர்க்கும் கூட்டு மருந்து இலங்கையில் 1983ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகின்றது. இன்று அந்நோய் கண்டோரைத் தீவுக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம். ஆயினும் கிருமி ஒழிந்த பின்னரும் இறந்த நரம்பு மீள்வதில்லை. காலந் தாழ்த்தி மருந்து தொடங்கியோர், நோய் நீங்கியவராயினும், உணர்வற்ற பாதங்களைக் காத்தே வாழவேண்டியவராவர். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தமாடச் செல்லும் அத்தகைய ஒருவர் நண்பகல் மணலில் வெறுங்காலுடன் நடப்பின், மாலையிற் கொப்புளத்தைக் கண்ணாற் கண்டபின்னரே கால் வெந்தமையை அறிவார்.

விதியென்று கொண்ட பிழை

தொழுநோய் குறித்து நிலவிய பிழை, முள்ளந்தண்டு ஊறுபட்டோர் குறித்தும் நிலவியது. முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாண் அறுபடின், அதன்கீழுள்ள தோலும் தசையும் தாமாகவே அழுகும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருவைத்தியர் பலர் போதித்தனர். புகழ்பெற்ற பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ அக்கொள்கையினர். அவருக்கு முன்னரே, 1850களில், பிரவுண் செக்கார் என்பவர் முண்ணாண் ஊறுபட்ட விலங்குகளை அழுத்தமின்றியும் தூய்மையாகவும் வைத்துப் பேணினால் புண் தோன்றாமையைக் காட்டியிருந்தார். ஆயின் அவர் சொல் போதிய அளவு செவியேறவில்லை. முதலாம் உலகப் போரில் முண்ணாண் ஊறுபட்ட வீரருட் பெரும்பாலார் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொகுதிக் கிருமித்தொற்றாலும் மிகக் குறுகிய காலத்துள் மாண்டனர். அவர்க்கு அதுவே விதி என்று கொள்ளப்பட்டது.

அவ்விதியை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஜேர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்து சேர்ந்த அந்நரம்பியல் வைத்தியர், 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் ஊறுபட்டோர்க்கான பகுதியொன்றைத் தொடங்கினார். அவர் கையாண்ட முதன்மையான முறை புதிய மருந்தன்று. இரவென்றும் பகலென்றும் பாராது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். தோலை நாள்தோறும் பார்க்கச் செய்தார். மாண்டுபோவர் எனக் கைவிடப்பட்டோர் எழுந்து நாற்காலியில் அமர்ந்தனர். 1948ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் அவருட் பதினறுவர் அவ்வைத்தியசாலை வளவில் வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டனர். இன்று உலகறிந்த பராலிம்பிக் விளையாட்டுக்களின் வித்து அதுவேயாகும்.

வேலூரும் ஸ்டோக் மாண்டவிலும் வெவ்வேறு நோய்களைக் கண்டன. கண்ட உண்மையோ ஒன்றே. புண் நோயின் பகுதியன்று, அழுத்தத்தின் விளைவு. அழுத்தத்தை நீக்கவல்லோர் புண்ணையும் நீக்கவல்லர்.

புண் தோன்றும் முறை

உணர்வுள்ளோர் உறங்கும்போதும் அசையாது கிடப்பதில்லை. ஒருபுறம் அழுந்தியவுடன் வலி தோன்ற, உறக்கங் கலையாமலே மறுபுறம் திரும்புகின்றோம். நாற்காலியிலிருந்து விரிவுரை கேட்போர் தம்மை அறியாமலே பலமுறை அசைகின்றனர். முடங்கியோர்க்கு அழுந்துவதை அறியும் உணர்வுமில்லை. அறியினும் அசையும் ஆற்றலில்லை.

தோலிலுள்ள நுண்குழாய்களில் இரத்தம் மிகச் சிறிய அமுக்கத்துடனேயே ஓடுகின்றது. அவ்வமுக்கம் ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் இரசம் என நூல்கள் கூறும். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தசையின் மீது அதனினும் பன்மடங்கு அழுத்தம் ஏறும். ஏற, இரத்தம் தடைப்படுகின்றது. தடை நீடிப்பின் தசை மடிகின்றது. பேரழுத்தம் சிறிது நேரத்திற் செய்யும் கேட்டினைச் சிற்றழுத்தம் நெடுநேரத்திற் செய்துவிடும். ஆதலின் மெத்தை எத்துணை மென்மையுடையதாயினும் காலத்தை மறந்திருத்தல் இயலாது.

தோலினும் தசையே இரத்தக் குறைவால் விரைந்து கெடுவது. எலும்பை அடுத்துள்ள ஆழ்ந்த தசை முதலில் மடிய, மேலே தோல் சில நாட்களுக்கு முழுமையாகவே தோன்றும். கறையான் அரித்த தூணை ஒப்ப, புறத்தே சிறு நிறமாற்றமும் அகத்தே பெரும் பொந்துமாக இருப்பதுண்டு. ‘நேற்றுச் சிறு புள்ளியாக இருந்தது, இன்று குழியாயிற்று’ என வீட்டார் திகைப்பது இதனாலேயே. புண் நேற்றுத் தோன்றியதன்று, நேற்று வெளிப்பட்டது.

அழுத்தத்துக்குத் துணையாவன மூன்று. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த, உடல் மெல்லச் சறுக்கி, தோல் ஓரிடத்து நிற்க எலும்பு வேறிடத்து இழுபடுதல் ஒன்று. நோயாளியைத் தூக்காது இழுத்து நகர்த்துவதால் தோல் உராய்தல் மற்றொன்று. வியர்வையாலும் சிறுநீர் மலத்தாலும் தோல் ஊறி மெலிதல் மூன்றாவது. எமது நாட்டின் வெப்பமும் வாவிக்காற்றின் ஈரமும் மூன்றாவதனை மிகுவிப்பன. றப்பர் விரிப்பையோ பொலித்தீனையோ உடலை ஒட்ட விரிப்பது வியர்வையைச் சிறைசெய்து கேடு விளைக்கும். அதன்மேற் பருத்தித் துணி வேண்டும்.

நாள்தோறும் செய்வன

முதலாவது, பார்த்தல். காலையிலும் மாலையிலும் உடல் முழுவதையும் பார்த்தல் வேண்டும். பிட்டத்தின் நடுவெலும்பு, அமரும்போது நிலந்தோயும் எலும்புகள், இடுப்பின் இருபுறம், குதிக்கால், கணுக்கால், முழங்கை, தலையின் பின்புறம் என்பன முதன்மையான இடங்கள். கை வழங்குவோர் கண்ணாடி கொண்டு தாமே பார்த்தல் நன்று. தம் உடலின் காவலைத் தாமே ஏற்பது மனத்துக்கும் உறுதி தரும். ‘தோல் சிவந்துளதா’ என நூல்கள் வினவும். எம்மனோரின் கருநிறத் தோலிற் சிவப்புத் தெளிவாகத் தோன்றாது. ஆதலின் சுற்றுத்தோலினும் கருமையோ நீலமோ மிகுந்துளதா என்றும், புறங்கையால் தொடும்போது சூடோ குளிர்ச்சியோ கடினமோ களித்தன்மையோ தோன்றுகின்றதா என்றும் நோக்கல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் மாறாத நிறம் முதல் எச்சரிக்கை. அவ்விடம் பழைய நிலையடையும்வரை அதன்மீது படுத்தலும் அமர்தலும் ஆகா.

இரண்டாவது, திருப்புதல். படுத்திருப்போரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புதல் பொதுவிதி. மெத்தையும் தோலும் நன்னிலையில் இருப்பின் வைத்தியர் இவ்விடைவெளியைக் கூட்டுதல் உண்டு. பக்கவாட்டிற் படுக்கவைக்கும்போது இடுப்பெலும்பின் மீது நேரே சாய்க்காது, முதுகுப்புறம் தலையணை கொடுத்துச் சற்றுச் சரிவாகவே வைத்தல் வேண்டும். முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணையும், கெண்டைக்காலின்கீழ் ஒன்றும் வைப்பின் குதிக்கால் படுக்கையில் தோயாது. எமது ஊர் இலவம்பஞ்சுத் தலையணைகள் இதற்குப் போதுமானவை. உண்ணும் வேளையொழிய, கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயராதிருத்தல் நன்று.

மூன்றாவது, அமர்வோர் செய்வது. சக்கர நாற்காலியில் இருப்போர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்புறமாகவோ பக்கவாட்டிலோ நன்கு சாய்ந்து, ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிட்டத்தின் சுமையை நீக்குதல் வேண்டும். கைகளை ஊன்றிச் சிறிதே எழுந்து உடன் அமர்தல் போதாது. நசுங்கிய தசையில் இரத்தம் மீளப் பாய்வதற்கு அவகாசம் வேண்டும். சட்டைப்பையிலுள்ள பணப்பை, பொத்தான், தடித்த தையல், படுக்கையிற் சிந்திய சோற்றுப்பருக்கை, விரிப்பின் மடிப்பு என்பனவும் உணர்வற்ற தோலுக்குப் பகையாம்.

தவிர்க்கவேண்டியனவும் சில உள. வளையம்போன்ற இருக்கையணை நடுவிடத்தைக் காப்பதுபோலத் தோன்றி, சுற்றிலும் இரத்தத்தைத் தடுத்துக் கேடு செய்யும். நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துப் பிடித்தல் உள்ளே நைந்த தசையை மேலும் நைவிக்கும். உணர்வற்ற இடத்துச் சுடுநீர்ப் போத்தல் வைத்தல் எக்காலத்தும் ஆகாது. பன்பாய் விரித்த வெறுந்தரையும் கயிற்றுக் கட்டிலும் முடங்கியோர்க்கு உரியனவல்ல. நான்கு அங்குலத்துக்குக் குறையாத நல்ல பஞ்சணை மெத்தை வேண்டும். மின்னாலியங்கும் காற்று மெத்தை பயனுடையதே. ஆயின் அது திருப்பும் கைக்குத் துணையன்றி மாற்றன்று.

உணவும் மருந்தேயாம். தோலைப் புதுக்குவது புரதம். வாவி மீனும் இறாலும், முட்டையும், எருமைத் தயிரும், பயறும் கௌப்பியும் எமக்கு எளிதிற் கிட்டுவன. கொய்யா, நெல்லி, தேசி முதலியன உயிர்ச்சத்து சீ தருவன. ‘புண்ணுக்கு ஆகாது’ என மீனையும் முட்டையையும் விலக்கி, நோயாளிக்கு வெறுங் கஞ்சியை ஊட்டும் வழக்கம் புண்ணை வளர்க்கும் வழக்கமேயாகும். சிறுநீரக நோயுடையோர் மட்டும் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். புகைத்தல் நுண்குழாய்களைச் சுருக்குவது. நீரிழிவு ஆறுதலைத் தடுப்பது. இரண்டையும் அடக்காது புண்ணை ஆற்ற முயல்வோர் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்போராவர்.

புண் கண்டபின்

இத்தனையும் செய்தும் புண் தோன்றுதல் உண்டு. அமெரிக்க நடிகர் கிறிஸ்தோபர் ரீவ் 1995ஆம் ஆண்டிற் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தின்கீழ் உணர்விழந்தார். சிறந்த வைத்தியமும் தாதிமாரும் குறைவின்றிக் கிட்டிய அவரே, 2004ஆம் ஆண்டில் மறைவதற்கு முன் கிருமி தொற்றிய படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். ஆதலின் புண் வந்த வீட்டாரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. புண்ணை வெட்கி மறைப்பதே அதனினும் பெருங்கேடு.

புண் கண்டதும் செய்யத்தக்க முதற் செயல், அதன்மீது சுமை ஏற்றாதிருத்தல். அதன்மீதே படுத்துக்கொண்டு எத்துணை விலையுயர்ந்த மருந்தை இடினும் பயனில்லை. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஏறக்குறைய 9 கிராம் உப்புக் கரைத்து, அந்நீராற் கழுவலாம். ஸ்பிரிற்று, ஹைட்ரஜன் பேரொட்சைட்டு முதலியவை கிருமியுடன் புதுத்தசையையும் கொல்லும். சாம்பல், சாணம் முதலியவற்றை அப்புதல் உயிருக்கே இடராகும். புண்ணைக் காற்றில் உலர்த்தினால் ஆறும் என்னும் எண்ணமும் தவறு. சிறிதே ஈரமுள்ள மூடிய புண் விரைந்து ஆறுகின்றது என்பதை ஜோர்ஜ் விண்டர் 1962ஆம் ஆண்டிலே சோதனையாற் காட்டினார். எவ்வகைக் கட்டு ஏற்றது என்பதை வைத்தியரோ தாதியோ புண்ணைக் கண்டு கூறுவர்.

காய்ச்சல், துர்நாற்றம், சீழ், கருகிய தசை, எலும்பு தோன்றுதல், சுற்றிலும் வீக்கம் பரவுதல் என்பவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியசாலை சேர்த்தல் வேண்டும். நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ முண்ணாண் ஊறுபட்டோர்க்குத் திடீரெனக் கடுந்தலையிடியும் முகத்தில் வியர்வையும் தோன்றின், அஃது இரத்த அமுக்கம் அபாயமாக ஏறியதன் குறியாகலாம். சிறுநீர்த் தடையோ, மலச்சிக்கலோ, அவர் உணராத புண்ணோ அதற்குக் காரணமாதல் உண்டு. அவரை நிமிர்த்தி இருத்தி, உடையைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் மடிந்துளதா எனப் பார்த்து, உடன் வைத்திய உதவி பெறுதல் வேண்டும்.

ஆழ்ந்த புண் ஆற மாதங்கள் செல்லும். ஆறிய வடுவும் பழைய தோலின் முழு வலிமையைப் பெறாது. மகளின் திருமணத்துக்காக ஒருநாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, அந்நாளின் மகிழ்ச்சிக்குப் பல மாதப் படுக்கையை விலையாகக் கொடுத்தல் நேரக்கூடியதே. அங்ஙனமாயின் விழாவுக்குச் செல்லாதிருப்பதே அறிவு என்று நாம் கூறோம். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் படுத்தெழ ஓர் அறையும், மணி பார்த்து நினைவூட்ட ஓர் இளைஞனும் இருப்பின் இரண்டும் கைகூடும். காவல் என்பது வாழ்வை மறுப்பதற்கன்று, வாழ்வதற்கே.

காப்போரைக் காத்தல்

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என எழுதுதல் எளிது. இரவில் நான்குமுறை எழுந்து, தன்னினும் பாரமான கணவனையோ மகனையோ தனியே திருப்பும் பெண்ணுக்கு அஃது எளிதன்று. பகலிற் கூலிவேலையும் இரவிற் காவலுமாக அவள் எத்தனை நாள் நிற்பாள்? புண் வரும் வீடுகளிற் குறைவது அன்பன்று, கைகள். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைப் பாதையில் ஏறியே கடந்த படுவான்கரை மக்கள், நோயாளியை மறுகரை சேர்க்கப் பல கைகள் வேண்டும் என்பதை நன்கறிவர். அத்தகைய கைகளே உள்ளறையிலும் வேண்டப்படுகின்றன.

உள்ளறையிலிருப்போர் உலகுக்குப் பயன்படார் என்பதும் பழைய பிழைகளுள் ஒன்று. வேலூரிலே போல் பிராண்டிடம் பயின்ற இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டில் வாகன விபத்தொன்றில் இடுப்பின்கீழ் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு, அக்கல்லூரியில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966ஆம் ஆண்டில் அங்கு முடங்கியோர்க்கான புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. உணர்வற்ற உடலுடையார் ஒருவர் உணர்வற்ற கைகளைச் சீர்செய்த அச்செயல், இக்கட்டுரை கூறவந்த யாவற்றையும் தன்னுள் அடக்கியது.

பழைய மாணவரை நாம் வேண்டுவது ஒன்று. தத்தம் ஊரில் நெடுநாட் படுத்திருக்கும் ஒருவரை அறிந்து, வாரத்தில் ஓரிரவேனும் அவ்வீட்டாரின் முறையை ஏற்று அவரைத் திருப்ப உதவுக. இயன்றோர் ஒரு நல்ல மெத்தையோ சக்கர நாற்காலிக்கு ஏற்ற அணையோ வாங்கி அளிக்க. மாணவர் தம் பாட்டனாரின் குதிக்காலை இன்று மாலையே பார்க்க. பெரும் பொருளும் அரிய கல்வியும் வேண்டாத பணி இது. மணிக்கூடும், தலையணையும், காணும் கண்ணும், சலியாத கையும் போதும். ஓருடலில் வலி செய்யத் தவறிய காவலைச் சுற்றத்தார் பலர் கூடிச் செய்தல் இயலும்.